ஓசூருக்கு விமான நிலையம் வந்தால் யாருக்கு என்ன கிடைக்கும்: அளந்து பார்க்கும் முறை

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்றார். அதன்பின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டீக்கடை முதல் கிராமசபை வரை இரண்டு கேள்விகள் ஓடுகின்றன. நம்ம பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா? நம்ம நிலம் போகுமா? பத்து வருடம் கழித்து இதற்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால், கணக்கெடுப்பை இப்போதே தொடங்க வேண்டும். கட்டி முடித்தபின் எடுக்கும் கணக்கில் "இப்போது எவ்வளவு" என்பது மட்டும் இருக்கும். "முன்பு எவ்வளவு" என்பது இருக்காது. முன்பு எவ்வளவு என்று தெரியாதவரை லாபத்தையும் நிரூபிக்க முடியாது, நட்டத்தையும் நிரூபிக்க முடியாது.

கல்லூரி மாணவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயச் சங்கத்தார், தன்னார்வ அமைப்பினர் தாங்களே செய்யக்கூடிய அளவில் இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. பெரிய மென்பொருள் வேண்டாம். எக்செல், ஒரு தரமான ஒலிமானி, பொறுமை, வீட்டுக்கு வீடு ஏறி இறங்க ஆட்கள் இருந்தால் போதும்.

எல்லையை முதலில் வரையுங்கள்

எந்தப் பரப்புக்குக் கணக்கு என்று முடிவு செய்யாமல் எடுக்கும் எண்ணால் பயனில்லை. மூன்று வளையங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வளையம், கையகப்படுத்தப்படும் சர்வே எண்கள். இரண்டாவது, சுற்றுச்சுவருக்கு வெளியே சத்தம், சாலை, நீரோட்டம் ஆகியவற்றால் பாதிக்கப்படும் ஊர்கள். தொடக்கத்தில் 10 கி.மீ. என்று எடுத்துக்கொண்டு, ஓடுபாதையின் திசை தெரிந்ததும் திருத்திக்கொள்ளலாம். சத்தம் வட்டமாகப் பரவாது. ஓடுபாதையின் இரு முனைகளுக்கு நேராக நீண்டு போகும். மூன்றாவது வளையம், முழு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள்.

மாநில எல்லை அருகில் இருப்பதால் ஓசூருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேலைக்கு வருபவர் கர்நாடகத்தின் அத்திபெலேயிலிருந்து வரலாம், பொருள் வாங்குவது பெங்களூருவிலிருந்து இருக்கலாம். "ஓசூர் விமான நிலையம் இத்தனை கோடி வருமானம் உண்டாக்கியது" என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு எந்த வளையத்தில் தங்கியது என்று கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் மூன்று வளையங்களுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். வெளியே போவதை எழுத நான்காவதாக ஒரு பத்தியும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கணக்கு

நில எடுப்பு 2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்தால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம், அதையும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்தால் அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காகப் பரந்தூரில் இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் நிலம் எடுக்கிறார்கள். இங்கே எந்த வழியானாலும், அரசு எடுக்கும் கணக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மக்களிடம் தங்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்க வேண்டும்.

முதல் வளையத்தில் மாதிரிக் கணக்கெடுப்பு கூடாது. ஒரு வீடும் விடாமல் எடுங்கள். பட்டாதாரர் மட்டும் பாதிக்கப்படுகிறவர் இல்லை. குத்தகைக்காரர், வாரத்துக்குப் பயிரிடுபவர், கூலிக்குப் போகிறவர், ஆடு மாடு மேய்ப்பவர், புறம்போக்கில் குடியிருப்பவர் என்று ஒவ்வொருவரையும் தனி வகையாகப் பதிய வேண்டும். சிட்டா, அடங்கலில் குத்தகைக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது. எழுதி வைக்காத குத்தகைதான் அதிகம். அதனால் ஒரே நிலத்தைப் பற்றி உரிமையாளரிடமும் பயிரிடுபவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் அப்படியே எழுதிவையுங்கள்.

இரண்டாவது வளையத்துக்கு மாதிரி போதும். மொத்த வீடுகளின் எண்ணிக்கையை, (1 + வீடுகள் × 0.05 × 0.05) என்பதால் வகுத்தால் 5 விழுக்காடு பிழைக்குள் வரும் மாதிரி அளவு கிடைக்கும். 3,000 வீடு என்றால் 3,000 ÷ 8.5, அதாவது 353. கதவு பூட்டியிருக்கும் வீடுகள், பேச மறுப்பவர்கள் என்று பத்தில் ஒன்று கழியும். ஆகவே 393 வீடுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். பாகலூர், பேரிகை, தளி பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். படிவம் தமிழில் மட்டும் இருந்தால், ஊரில் தமிழ் நன்றாகப் பேசும் நான்கு பேர் சொன்னதே ஊரின் கருத்தாகப் பதிவாகிவிடும். கேள்விகளை மூன்று மொழியிலும் அச்சடியுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். ஊர்ப் பெரியவரை உடன் அழைத்துப்போவது மரியாதைதான். ஆனால் கேள்வி கேட்கும்போது அவர் வாசலில் நிற்கக் கூடாது.

வருமானத்தை "மாதம் எவ்வளவு வரும்" என்று கேட்டால் உண்மை வராது. பயிர் வாரியாகக் கேளுங்கள். ராகி எத்தனை மூட்டை, வீட்டுக்கு வைத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு. தக்காளி, முட்டைக்கோஸ், கொத்தமல்லி எத்தனை அறுவடை, என்ன விலைக்குப் போனது. பால் சங்கத்துக்கு எத்தனை லிட்டர். பசுமைக்குடிலில் ரோஜா என்றால் எத்தனை சதுர மீட்டர், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் ஓர் ஏக்கர் பசுமைக்குடிலில் கிடைக்கும் கூலி நாட்களும் ஓர் ஏக்கர் மானாவாரி ராகியில் கிடைக்கும் கூலி நாட்களும் ஒன்றல்ல. நிலம் போனால் எத்தனை கூலி நாட்கள் போகின்றன என்ற எண் இந்தக் கேள்விகளிலிருந்து மட்டுமே வரும்.

நில விலையில் கவனம் தேவை. 2013 சட்டத்தின்படி சந்தை மதிப்பு கணக்கிட, முந்தைய மூன்று ஆண்டுப் பத்திரங்களில் அதிக விலை காட்டியவற்றில் பாதியை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அறிவிப்பு வந்ததும் ரியல் எஸ்டேட் ஆட்கள் இறங்கி விலையை ஏற்றிவிடுவார்கள். ஆகவே 2024 ஜூன் 27-க்கு முந்தைய பத்திரங்களை ஒரு தொகுதியாகவும், பிந்தையவற்றைத் தனித் தொகுதியாகவும் வில்லங்கச் சான்றிலிருந்து எடுத்துவையுங்கள். பிந்தைய ஏற்றத்தை "விமான நிலையம் தந்த வளர்ச்சி" என்று எழுதிவிடக் கூடாது. அந்த விலைக்கு விற்றவர் உள்ளூர்க்காரரா, அதற்கு முன்பே வாங்கிப் போட்ட வெளியூர்க்காரரா என்பதையும் பத்திரமே சொல்லும்.

கடைசியாக ஒப்பீட்டு ஊர்கள். விமான நிலையத்தின் பாதிப்பு எட்டாத, மண்ணும் பயிரும் ஒத்த நான்கைந்து ஊர்களைத் தேர்ந்து அங்கேயும் இதே படிவத்தை நிரப்புங்கள். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் தக்காளி விளையும் ஊர்கள் ஒரு பகுதிக்குப் பொருந்தலாம். ஆள் போதவில்லை என்றால் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். ஏன் என்பது கீழே வருமானக் கணக்கில் தெரியும்.

பொருளாதார அளவுகள்

விமான நிலையங்களுக்கு இரண்டு அளவுகோல் தொகுப்புகள் கைக்குதவும். ஜிஆர்ஐ என்னும் அறிக்கை நெறிமுறையில் விமான நிலையத் துறைக்கென்று ஏஓ1 முதல் ஏஓ9 வரை ஒன்பது குறியீடுகள் உள்ளன. பயணிகள், விமானப் போக்குவரத்து (ஏறுதல், இறங்குதல்) எண்ணிக்கை, சரக்கு ஆகியவை முதல் மூன்று. ஏசிஐ என்னும் பன்னாட்டு விமான நிலையங்கள் கவுன்சில் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 42 அளவுகள் உள்ளன. எல்லாம் வேண்டாம். உங்கள் கேள்விக்குப் பதில் தருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவுத் திறனை ஒரு பயணிக்கு இவ்வளவு என்று பார்ப்பது வழக்கம். பூவும் காய்கறியும் உதிரிபாகங்களும் போகவேண்டிய ஓசூருக்கு இது சரிவராது. ஒரு பயணி அல்லது 100 கிலோ சரக்கு என்பதை ஒரு பணி அலகாக எடுங்கள். கணக்குக்காக ஓர் ஆண்டில் 20 லட்சம் பயணிகளும் 30,000 டன் சரக்கும் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 3 லட்சம் அலகு, மொத்தம் 23 லட்சம். இயக்கச் செலவு 161 கோடி ரூபாய் என்றால் அலகுக்கு 700 ரூபாய். பயணிகளை மட்டும் வைத்து வகுத்தால் 805 ரூபாய் வரும், நிலையம் வீண்செலவு செய்வதுபோல் தோன்றும்.

நிலையத்தின் வருமானத்தை இரண்டாகப் பிரியுங்கள். இறங்கு கட்டணம், நிறுத்தக் கட்டணம், பயணியிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம் ஒரு பக்கம். கடை வாடகை, வாகன நிறுத்தம், விளம்பரம் இன்னொரு பக்கம். ஆண்டுக்கு 35 லட்சம் பயணிகளுக்கு மேல் வந்தால், விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அது முக்கிய விமான நிலையமாகிவிடும். அதன் கட்டணத்தை அந்த ஆணையம் (ஏஇஆர்ஏ) ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கும். அந்த ஆணைகளில் செலவு, முதலீடு, போக்குவரத்து மதிப்பீடு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும், யாரும் படிக்கலாம். மதிப்பிட்ட பயணிகள் எத்தனை, வந்தது எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். திட்டத்தின் தரம் தெரிந்துவிடும்.

அடுத்தது புதுப் போக்குவரத்தா, திசைமாறிய போக்குவரத்தா என்ற கேள்வி. 2008 மே 24-இல் தொடங்கிய பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் தவிர 150 கி.மீ.க்குள் 25 ஆண்டுகளுக்குப் போட்டி நிலையம் கூடாது என்ற விதி உள்ளது, 2033 வரை. ஓசூரும் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைக்கு வருபவர் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் பதில் ஓசூரில் இறங்கினால் நாட்டுக்கு அது புதுப் பயணம் இல்லை, மாவட்டத்துக்கு நேர மிச்சம். பயணியிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இந்த நிலையம் இல்லையென்றால் எப்படிப் போயிருப்பீர்கள்?" போயிருக்கவே மாட்டேன், பெங்களூரு போயிருப்பேன், ரயிலில் போயிருப்பேன் என்ற மூன்று பதில்களையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

வேலைக் கணக்கில்தான் பெரும் புரட்டு நடக்கிறது. நிலைய நிர்வாகம் சொல்லும் எண் பெரும்பாலும் நுழைவு அட்டைகளின் எண்ணிக்கை. வேலையை விட்டவர் அட்டையும் அதில் கிடக்கும். ஒரே ஆள் இரண்டு ஒப்பந்ததாரரிடம் மாறியிருந்தால் இரண்டாக எண்ணப்பட்டிருப்பார். ஒப்பந்ததாரர் மாதாமாதம் கட்டும் பி.எஃப். சலானையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிடுங்கள். பிறகு முழுநேர வேலையாக மாற்றுங்கள். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி. துப்புரவு ஒப்பந்தத்தில் 140 பெயர் இருந்தும் மொத்த வேலை நேரம் 20,800 மணி என்றால், உள்ள வேலை 100-தான். கட்டுமான வேலையை இதோடு கலக்காதீர்கள். அது முடிந்துபோகும் வேலை, ஆள்-ஆண்டு (ஓர் ஆள் ஓராண்டு செய்யும் வேலை) என்று தனியே எழுதுங்கள். மறைமுக வேலைக்கு வெளிநாட்டு ஆய்விலிருந்து ஒரு பெருக்கு எண்ணை எடுத்து வந்து பெருக்குவதைத் தயவுசெய்து தவிருங்கள். அங்கே பொருளும் சேவையும் உள்ளூரிலேயே வாங்கப்படும், இங்கே பாதி பெங்களூரு போய்விடும்.

உள்ளூர்க் கொள்முதலைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். மாவட்டம் அதில் தெரியாது. பில்லில் உள்ள பின்கோடைப் பாருங்கள். ஓசூரில் ஒரு அறை அலுவலகம் மட்டும் வைத்துக்கொண்டு பொருளை வெளியிலிருந்து இறக்குபவரும் உள்ளூர்க்காரராகவே தெரிவார். அதற்குப் பெரிய பத்து சப்ளையர்களை நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ரோஜாவை வைத்து ஒரு சோதனை

சரக்குப் பிரிவு உண்மையில் விவசாயிக்கு உதவுகிறதா என்பதை டன் கணக்கு காட்டாது. காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் ஓசூரிலிருந்து வெளிநாட்டுக்கு ரோஜா போவது தெரிந்ததே. 20 காம்புகள் கொண்ட கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய நேரம், குளிர் அறைக்குள் போன நேரம், பெட்டியில் அடைத்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சரக்கு முனையத்தில் இறங்கிய நேரம், விமானத்தில் ஏறிய நேரம் என ஆறு நேரங்களைக் குறியுங்கள். பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பப் பதிவுக்கருவி வைத்தால் 2 முதல் 4 டிகிரிக்கு மேல் எத்தனை நிமிடம் போனது என்று தெரியும். பெரும்பாலும் சாலையைவிட, முனையத்தில் சோதனைக்காகக் காத்திருக்கும் இடத்தில்தான் வெப்பம் ஏறும். இப்போது பெங்களூரு வழியாகப் போகும் பெட்டிகளில் இந்த அளவை எடுத்துவைத்தால், ஓசூர் வந்தபின் ஒப்பிட அதுவே தொடக்கக் கணக்கு. அதோடு காம்புக்கு விவசாயி கையில் வந்த விலையையும் எழுதுங்கள். நேரம் குறைந்தும் விலை ஏறவில்லை என்றால் மிச்சம் இடைத்தரகரிடம் நின்றுவிட்டது என்று பொருள்.

சமூக அளவுகள்

முன்பு சொன்ன ஜிஆர்ஐ குறியீடுகளில் ஏஓ8 இடம்பெயர்ந்தவர்களையும் வாழ்வாதாரம் இழந்தவர்களையும் எண்ணச் சொல்கிறது, இழப்பீட்டையும் சேர்த்து. மொத்தம் இத்தனை கோடி கொடுத்தோம் என்ற எண்ணை ஏற்காதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை) வழங்கிய தேதி, வங்கியில் பணம் ஏறிய தேதி, இடைப்பட்ட நாட்கள் என்று எழுதி வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பாருங்கள். சராசரி ஏமாற்றும். நான்கு பேர் பணம் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டால், மற்ற நாற்பது பேருக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்பது அதில் மறைந்துபோகும். பணம் யார் பெயரில் ஏறியது, மனைவி பெயரும் சேர்ந்ததா என்பதற்கும் ஒரு பத்தி வையுங்கள்.

வருமானம் மீண்டதா என்பதை ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு முடிவில் அளக்க வேண்டும். முதல் ஆண்டில் எல்லாரிடமும் காசு இருக்கும், மூன்றாம் ஆண்டில்தான் உண்மை தெரியும். ஒப்பீட்டு ஊர்கள் இங்கேதான் கைகொடுக்கும். இடம்பெயர்ந்த குடும்பத்தின் மாத வருமானம் 15,000-லிருந்து 18,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். 3,000 கூடிவிட்டதே என்று தோன்றும். இதே காலத்தில் ஒப்பீட்டு ஊரில் 15,000 என்பது 21,000 ஆகியிருந்தால், விமான நிலையம் அந்தக் குடும்பத்துக்கு மாதம் 3,000 ரூபாய் நட்டம் செய்திருக்கிறது. இரண்டு தொகையையும் ஊரக விலைவாசிக் குறியீட்டால் திருத்திய பிறகே கழியுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சக அறிவிக்கையின்படி, ஆண்டுக்கு 50,000 விமானப் போக்குவரத்துக்கு மேல் உள்ள நிலையங்களைச் சுற்றிப் பகலில் 70, இரவில் 65 டெசிபல் வரம்பு. மற்ற நிலையங்களுக்குப் பகல் 65, இரவு 60. செல்போன் செயலியில் எடுத்த எண் எந்த விசாரணையிலும் நிற்காது. முதல் வகுப்பு ஒலிமானியைப் பொறியியல் கல்லூரியிலிருந்து இரவலாக வாங்குங்கள். அளவுக்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் அளவுக்கருவியால் சரிபார்த்து இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஒலிவாங்கி தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். காற்றுத் தடுப்பு நுரை மாட்டியே ஆக வேண்டும். காற்று வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டிய நேரத்தின் பதிவுகளை நீக்கிவிடுங்கள். தொடர்ந்து ஏழு நாள் எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-க்கு அருகில் உள்ள ஊர்களில் லாரிச் சத்தமே பாதி இருக்கும். விமானம் வருவதற்கு முன்பே எடுத்த பதிவு இல்லையென்றால், "இது சாலைச் சத்தம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

சராசரி டெசிபல் வரம்புக்குள் இருந்தும் பள்ளி நடக்காமல் போகலாம். விமானம் கடக்கும்போது ஆசிரியர் பேச்சை நிறுத்தும் தடவைகளை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரு பாடவேளைக்கு எத்தனை நிறுத்தம், மொத்தம் எத்தனை விநாடி என்று வந்தால், அது எல்லா டெசிபல் எண்களையும்விட ஊர் மக்களுக்குப் புரியும்.

தொழிலாளர் பக்கம் முக்கியமாக ஒப்பந்தத் தொழிலாளரைப் பாருங்கள். ஊதியச் சீட்டில் உள்ள தொகையும் வங்கியில் ஏறிய தொகையும் ஒன்றா, ஏறிய பிறகு மேஸ்திரி கையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று வேலை இடத்தில் கேட்காமல் வீட்டில் கேளுங்கள். விபத்து விகிதத்துக்கு, வேலைநாள் இழந்த விபத்துகளைப் பத்து லட்சத்தால் பெருக்கி மொத்த வேலை நேரத்தால் வகுக்க வேண்டும். 15 லட்சம் மணி நேரத்தில் 3 விபத்து என்றால் விகிதம் 2. ஒப்பந்தத் தொழிலாளரின் விபத்தை விட்டுவிட்டு அவர்களின் வேலை நேரத்தை மட்டும் கீழே சேர்த்தால் விகிதம் அழகாகக் குறையும். மேலும் கீழும் ஒரே ஆட்கள்தானா என்று சரிபாருங்கள். இரவு ஷிப்டு முடிக்கும் பெண்களுக்கு வண்டி உண்டா, சூளகிரியிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அளவுதான். புகார்ப் பெட்டியில் புகார் குறைவு என்பதை நல்ல மதிப்பெண்ணாக எடுக்கக் கூடாது. பெட்டி இருப்பது தெரியாத ஊரில் புகார் வராது. எத்தனை நாளில் தீர்ந்தது, தீர்ந்தது என்று மூடியதில் எத்தனை மறுபடி வந்தது என்று பாருங்கள். பயணிகள் திருப்திக்கு ஏஎஸ்க்யூ என்ற தனிக் கணிப்பு இருக்கிறது, அது சுவருக்கு உள்ளே உள்ள கதை.

எண்களைச் சேர்க்கும்போது

எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று ஒரே மதிப்பெண் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள். எங்கள் பரிந்துரை, வேண்டாம் என்பதே. கடை வாடகை நன்றாக வந்ததால் மேலே போன மதிப்பெண், இடம்பெயர்ந்தவரின் வருமானம் கீழே போனதை மூடிவிடும். கட்டாயம் என்றால், சில அளவுகளுக்குத் தாண்டக்கூடாத கீழ்வரம்பு வையுங்கள். இழப்பீட்டுத் தாமதம், சத்த வரம்பு, குறைந்தபட்ச ஊதியம் ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் மொத்த மதிப்பெண்ணை வெளியிடாமல் "தவறியது" என்று மட்டும் எழுதுங்கள். எடை போடுவதை நிலையத்தார் தனியாகவும் ஊர்க்காரர் தனியாகவும் செய்யட்டும். இரண்டு எடைக்கும் வரும் முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

ஆண்டு என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. வேறு நிலையத்தோடு ஒப்பிடும்போது 2020-21-ஐத் தொடக்க ஆண்டாக எடுக்காதீர்கள், ஊரடங்கால் விழுந்த ஆண்டிலிருந்து பார்த்தால் எந்த நிலையமும் பாய்ச்சலில் வளர்ந்ததாகத் தோன்றும். ஒப்பிட அருகில் இருப்பது சேலம், காமலாபுரத்தில் 1993-இல் திறந்தது. இடையில் பல ஆண்டுகள் விமானமே வராமல் கிடந்து, 2023 அக்டோபரில் சிறு ஊர்களுக்கு விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேவை மறுபடி தொடங்கியது. சேவை நின்றிருந்த காலத்தில் உள்ளூர் வேலைக்கு என்ன ஆனது என்று அங்கே போய் விசாரிப்பது பயன்தரும்.

தரவுக்கு எங்கே போவது? மாதாந்திரப் பயணிகள், சரக்கு எண்ணிக்கை இந்திய விமான நிலைய ஆணையத்தின் தளத்தில் உள்ளது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிலையம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம், மத்திய அலுவலகம் என்றாலும் மாநில அலுவலகம் என்றாலும் கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். ஒரே மனுவில் இருபது கேள்வி அடுக்கினால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். ஒரு மனுவுக்கு ஒரு பொருள், தேதியும் பதிவேட்டின் பெயரும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தொடக்கக் கணக்கு முடிந்ததும் ஊர்வாரியான தொகுப்பை அந்தந்த ஊரில், அந்த ஊர் பேசும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்வார்கள். திருத்திய பிரதியை அடுத்த கிராமசபையில் தீர்மானமாகப் பதிவு செய்து, பதிவேட்டுப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தனி நபரின் வருமான விவரம் அதில் போகக் கூடாது. அந்தப் படிவங்கள் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், சாவி இருவரிடம் இருக்கட்டும்.